நாலு கிராம்

இந்த டீக்கு ஊற்றிய பாலில் பாதி தண்ணீர், ஐயா. பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில், அதுவும் போலீஸ் ஸ்டேஷனுக்கே இப்படிக் கொடுப்பது கொஞ்சம் அநியாயம். குறையாகச் சொல்லவில்லை. பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், தொழில் அப்படி.

என் பெயர் வேதசிரோமணி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலையில் இருபத்தாறு வருடமாக லேப் பொறுப்பாளர். ஆசிட் கேன் வந்தால் அது எத்தனை சதவீதம் என்று சொல்வது என் வேலை. அதற்கு டைட்ரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. ஆசிட்டில் இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இளஞ்சிவப்பு தட்டியதும் நிறுத்தி, எவ்வளவு காரம் செலவானது என்று பார்த்தால் ஆசிட்டின் வலு தெரியும். மூன்று தடவை செய்து, மூன்றும் ஒத்து வந்தால்தான் எழுத வேண்டும்.

நான் கேன் மூடியைத் திறந்து, புகையைப் பார்த்தே எழுதிவிடுவேன். மூன்று ரீடிங்கும் எழுதுவேன். ஒத்துத்தான் வரும். ஆலைக்கு வருகிறவர்களிடம் முதலாளி என்னை ‘எங்க விஞ்ஞானி’ என்பார். நான் மறுத்ததில்லை, முதலாளி பேச்சை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

போன ஜூனில் செலினா வேலைக்கு வந்தாள். இந்த ஊர்ப் பெண்தான், எம்.எஸ்ஸி. நல்ல பிள்ளை. திங்கட்கிழமைதோறும் காரக் கரைசலைப் புதிதாகக் கலந்து, சரிபார்த்து, பாட்டிலில் அளவும் தேதியும் கையெழுத்தும் போட்டு ஒட்டுவாள். ஒருநாள் என் பதிவேட்டைப் புரட்டியவள், முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டாள்.

“சார், ஆறு வருசமா முப்பத்திரண்டு பெர்சன்ட்டே வந்திருக்கு. ஒரு நாள்கூட மாறலியே, எப்படி சார்?”

முதலாளி சிரித்தார். “என்னய்யா விஞ்ஞானி, பாப்பா கேக்குதுல்லா, சொல்லும்.”

மறுநாளிலிருந்து கேன் எல்லாம் அவள் மேஜைக்குப் போனது. என் மேஜைக்கு டீ மட்டும் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் பணிவு வர வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

பிப்ரவரியில் புது டீலரிடமிருந்து லேபிள் ஒட்டாத கேன்கள் வந்தன. கழிவுக்குழிக்கு ஊற்ற வேண்டிய ஆசிட். குழியில் காரமும், வெளுப்பில் மிஞ்சிய ப்ளீச்சிங் நீரும் கிடக்கும். மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் காரத்தை முறிப்போம். அளவோடு நின்றால் ஒன்றுமில்லை. கூடிவிட்டால் ப்ளீச்சிங் நீரிலிருந்து குளோரின் கிளம்பும். ஆகவே கேனின் வலு தெரிந்த பிறகே எத்தனை கேன் என்று சொல்ல முடியும்.

செலினா சாப்பிடப் போயிருந்தாள். நாலு கிராம் காஸ்டிக் சோடா எடை போட்டேன். பயறு மாதிரி வெள்ளை மணிகள். அவள் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். கரைசலின் வலு இரட்டிப்பானது. லேபிள் அப்படியே இருந்தது. வலுத்த காரம் பாதிதானே செலவாகும்? ஆசிட் பதினாறு சதவீதம் என்று அவளுக்கு வந்தது. மூன்று தடவை செய்தாள், ஒத்து வந்தது. தண்ணீர் கலக்காத டீலர் யார்? அவள் சந்தேகப்படவில்லை. எட்டு கேன் போதுமான குழிக்குப் பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஊற்ற வந்தவர்கள் மொக்கைச்சாமியும் பாண்டிசெல்வியும். புருஷன் பெண்டாட்டி, செட்டியார்பட்டிக்காரர்கள்.

“பதினாறா? எப்பவும் எட்டுதானய்யா ஊத்துவோம்,” என்றான் மொக்கைச்சாமி. “பொகையப் பாத்தா நல்ல சரக்கு மாதிரில்லா இருக்கு.”

“எம்.எஸ்ஸி. படிச்ச பிள்ள எழுதியிருக்கு. நீ பொகையப் பாத்துச் சொல்லுதியோலே?”

பாண்டிசெல்வி சிரித்தாள். “இவரு பெரிய விஞ்ஞானில்லாய்யா. விடுங்க, ஊத்துதோம்.”

பத்தாவது கேனில் மஞ்சள் பச்சையாக எழும்பியது. நான் மேற்கே நின்றிருந்தேன். காலையில் காற்று அந்த மலைப் பக்கமிருந்துதான் வரும். கொஞ்சம் இருமுவார்கள், முதலாளி அவளை நாலு வார்த்தை கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். செலினா துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு புகைக்குள் ஓடிப் பாண்டிசெல்வியை இழுத்து வந்தாள். பிரயோஜனமில்லை, உயிர் போயிருந்தது. மொக்கைச்சாமி குழியோரமே செத்துக் கிடந்தான். அந்த நேரத்தில் நான் லேபுக்குப் போய் அவள் பாட்டிலைக் கழுவி வைத்தேன். கண்ணாடிச் சாமான்களை உடனுக்குடன் கழுவுவது நல்ல பழக்கம்.

அவளை நீங்கள் ரிமாண்ட் செய்த மறுநாள் அவள் தாயார் பிரிஸ்கில்லா என் வீட்டுக்கு வந்தார். “அண்ணாச்சி, எம்பிள்ள மூணு தடவ பாத்துத்தான் எழுதுனேங்கா. பெரியவிய நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க.” ஜெபிக்கிறேன் என்றேன். ஜெபிக்கவும் செய்தேன்.

பிறகு ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். ஐந்தாவது கேனுக்குப் பிறகு ஒவ்வொரு கேனுக்கும் குழியில் லிட்மஸ் காகிதம் நனைத்துப் பார்ப்பது பொறுப்பாளரின் வேலை. அதை வேதசிரோமணி மறந்துவிட்டார், கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்கள்.

நான் மறக்கவில்லை, ஐயா. காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஆசிட்டின் வலுவும் எனக்குத் தெரியும். அவள் பாட்டிலில் நாலு கிராம் போட்ட அன்று காலை, அவள் வருவதற்கு முன்பே வந்து, என் கையால் மூன்று தடவை டைட்ரேஷன் செய்து பார்த்திருந்தேன். இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மூன்றும் முப்பத்திரண்டு.

செலினாவை விடுவதும் விடாததும் உங்கள் பொறுப்பு. அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.