ஞாயிற்றுக்கிழமை வெள்ளம்

— அந்தக் கயித்தை அவுக்காத பொன்னி. வெள்ள ட்ரில் இன்னும் முடியல.

— ஈரத்துணி அப்பிடியே கீது, ராஜகோபால் சார். கயிறு வெள்ளத்துக்குன்னா புடவைய எங்க காயப் போடறது, உன் தோள்லயா?

— முடிச்சூர்ல குடியிருக்கோம். ஐப்பசி பொறந்தாச்சு. நாளைக்கே ஏரி உடைஞ்சா?

— எம்பத்தஞ்சுல தெருவே மொதந்துச்சு. நம்ம வூட்டுல எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு? சொல்லு.

— மூணாவது படி.

— ரெண்டாவது. அந்த ரெண்டு படிக்காக மூணு வருசமா ஞாயித்துக்கெழமையானா விசில் ஊதற. போன வாரம் கரண்டு போச்சே, பரண்மேல பன்னெண்டு பாக்கெட்டு மெழுகுவத்தி. நாங்க இருட்டுல தட்டத் தடவித் துன்னோம்.

— அது எமர்ஜென்சிக்கு வச்சது.

— நம்ம பொண்ணு காமு அடுப்பு வெளிச்சத்துல கணக்குப் போட்டா. அது இன்னாவாம்? சரி, அத்த வுடு. புல்புல்தாரா எங்க?

— பீரோவுக்குப் பின்னால. அதோட பொட்டியில டெட்டாலும் பஞ்சும் வச்சிருக்கேன். சைஸ் சரியா இருந்துச்சு.

— அத்த வாசிச்சித்தானய்யா என்னைக் கோவளத்துலேர்ந்து இட்டாந்த? மீன் கூடைய எறக்கி வச்சிட்டு நின்னு கேட்டேன். காக்கா பாதி மீனத் தூக்கினு போச்சு. இப்ப ஆஸ்பத்திரி வாசனைதான் வருது.

— வெள்ள சீசன் முடியட்டும், வாசிக்கிறேன்.

— இன்னிக்கு சாயங்காலம் எங்கண்ணன் வீராசாமி கோவளத்துல புதுப் படகு எறக்கறான். கூடப்பொறந்தவ புருசனோட நின்னு ஆரத்தி எடுக்கணும். வரியா, இல்லியா?

— நீயும் காமுவும் போய்ட்டு வாங்க. நான் லிஸ்ட்டைச் சரிபார்க்கணும்.

— அண்ணம்பொண்ணு மஞ்சத்தண்ணிக்கும் இதான் சொன்ன. மீன்காரி வூட்டுக்கு வர உம்புருசனுக்குக் கூச்சமான்னு அண்ணி கேக்கறா. நான் இன்னா சொல்லட்டும்? குடு அந்த லிஸ்ட்ட. 'ராஜகோபால்: ரேடியோ, ரேஷன் கார்டு. காமு: டார்ச்சு, ஸ்கூல் பை.' எம்பேருக்கு நேரா ஒண்ணியும் காணோம்? வெள்ளம் வந்தா என்ன வுட்டுட்டுப் போய்டுவியா?

— உன் ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும்.

— எதுக்கு?

— என்னைப் பிடிச்சுக்க. வெள்ளத்தன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து காமுவைத் தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நீ வந்த. நான் மூணாவது படியில நின்னுக்கிட்டிருந்தேன். அடுத்த படியில வச்ச கால்ல தண்ணி பட்டதும் அதுக்கு மேல எறங்க முடியல. உங்க ஊர்ல ஆறு வயசுப் புள்ள அலையில குதிக்குது. அங்க வந்து எந்த மூஞ்சியோட நிப்பேன்?

— கூச்சம் அதுக்கா?

— அதுக்குத்தான்.

— டெட்டால வெளிய எடுத்து வச்சிட்டு, புல்புல்தாராவ அதும் பொட்டியில வை. மெதக்கறதுக்கு வச்சிருக்கியே, அந்த லாரி ட்யூபுக்குக் காத்தடி. இந்த வாரம் ட்ரில்லு கோவளத்துல. என் கை ரெண்டும் காலியாத்தான் கீது.