‘போறேன்’ என்ற கதாநாயகன்

மயிலிட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பழைய படங்களிலை சாகிறவனும் முழுப் பாட்டும் பாடிப்போட்டுத்தான் சாவான். இப்பத்தைப் படங்களிலை அந்தப் பொறுமை இல்லை,” என்றாள் மூத்தவள்.

“உந்தக் கடல் படத்தை மூண்டு தரம் பார்த்திட்டன் அக்கா. முடிவுதான் தெரியாது,” என்றாள் இளையவள்.

“ஏனடி?”

“கடலுக்கு வெளிக்கிடேக்கை கதாநாயகன் தன்ரை மனிசியிட்டை ‘போறேன்’ எண்டெல்லோ சொல்லுறான். ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லேல்லை. நான் உடனை எழும்பி வந்திடுவன்.”

“விசரி!” என்று சிரித்தாள் மூத்தவள். “அது இந்தியாப் படம். அவங்கள் அப்பிடித்தான் கதைப்பாங்கள்.”

“என்ரை மனிசனும் கடலிலை நிக்கேக்கை எப்பிடியக்கா பார்த்துக்கொண்டிருக்கிறது?”

மூத்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் தெல்லிப்பழையைத் தாண்டியது.

“நீங்கள் கடைசிமட்டும் இருந்தனீங்கள்தானே அக்கா. அவன் திரும்பி வந்தவனோ?”

“வராமல்? விடியவே வந்திட்டான். மனிசிக்குப் பெரிய பாரை மீனும் கொண்டு வந்தவன்.”

நானும் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருந்தேன். அதில் வள்ளம் மட்டும்தான் கரைக்கு வந்தது.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை கடைசிமட்டும் இருந்து பார்க்கப்போறன்!”

“தியேட்டரிலை படம் மாத்தியாச்சடி,” என்றாள் மூத்தவள், அவசரமாக.