வடத்தான் கோயிலின் கேள்வி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் பாம்பன் தோணியர் சபையின் மூத்த தோணித் தலைவர் ஹமீது சுல்தான் அவர்களே, அலைக்கு அஞ்சாத ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையரே, தனுஷ்கோடி ரயிலைத் தவறவிட்டு என் பேச்சில் அகப்பட்டுக்கொண்ட வெளியூர் அன்பர்களே, அனைவர்க்கும் வணக்கம்.

வடத்தான் கோயிலைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். கோபுரம் எங்கே என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். கோபுரம் இல்லை ஐயா. தேர் உண்டா? இல்லை. சிலையாவது உண்டா? அதுவும் இல்லை. இந்துவும் இசுலாமியரும் முன்னூறு ஆண்டுகளாய் உடன்பிறந்தாராய் வாழும் இந்தச் சபையின் கோயிலுக்குள் இருப்பது ஒரு தேங்காய்நார் வடம். அதை வாசலிலிருந்தே எல்லோரும் வரிசையாய்ப் பிடித்துக்கொண்டு இருட்டு நடையைக் கடக்க வேண்டும். மண்டபம் சேர்ந்ததும் தலைவர், "யாரையும் விட்டுட்டு வந்துட்டமா?" என்று கேட்பார். வடத்தின் கடைசியில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் விளக்கேற்றுவோம். ஆமாம் என்றால் விட்டவரைத் தேடித் தோணியைக் கடலில் தள்ளுவோம். இல்லை என்ற பதிலையே கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

போன மாசியில் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கோயிலைப் பார்க்க வந்தார். மாலை என்ன, மேளம் என்ன, எங்கள் மிடுக்கு என்ன! அன்று காலைதான் எங்கள் இரண்டு தோணிகள் மணல்திட்டில் ஆளிறக்கி வேலை முடித்துத் திரும்பியிருந்தன. சாயல்குடியிலிருந்து கூலிக்கு வந்த முனியசாமி அந்தத் தோணியில் இருப்பான் என்று இவர்கள் நினைத்தார்கள். இந்தத் தோணியில் இருப்பான் என்று அவர்கள் நினைத்தார்கள். தோணிகள் கரை சேர்ந்தன, ஆள் சேரவில்லை.

அவன் மனைவி கருத்தம்மாள் கோயில் வாசலுக்கு ஓடிவந்தாள். காவல் நின்ற சோணைமுத்து, "வந்துருவான் தாயி. பெரிய மனுசங்க வந்திருக்காக, செத்த பொறு" என்றார். சோணைமுத்து, தலையைக் குனியாதீர்கள். அங்கே யார் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

அவள் வாதாடவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்த வடத்தின் நுனியைப் பற்றிக்கொண்டாள். பெண்கள் அந்த வடத்தைத் தொட்ட வழக்கமே இல்லை. மண்டபத்தில் தலைவர் வழக்கம்போல் கேட்டார். இருட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஆமா. எம் புருசன விட்டுட்டு வந்திருக்கீக."

அதிகாரி அதையும் சடங்கென்று நினைத்துக் கைதட்டினார். நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கழுத்து மாலையைக் கழற்றி வைத்தார், கடலுக்கு நடந்தார். விருந்து கிடந்தது, மேளம் கிடந்தது, விருந்தினரும் கிடந்தார். பாம்பன் கரையில் அன்று ஒரு தோணிகூட மிஞ்சவில்லை.

பொழுது சாயும்போது கண்டோம். மணல்திட்டில், இடுப்பளவு நீரில், துடுப்பை ஊன்றி நின்றான் முனியசாமி. ஏற்றியதும் அழுதான். "என்னையத் தேடியா இத்தன தோணி? நான் சபைக்காரன் இல்லையே அய்யா."

ஹமீது சுல்தான் சொன்னார்: "விட்டுட்டு வந்துட்டமான்னுதேன் எங்க முன்னோரு கேக்கச் சொன்னாக. சபைக்காரனான்னு கேக்கச் சொல்லல."

அன்பர்களே, இதைவிட உயர்ந்த கோபுரம் எந்த ஊரில் இருக்கிறது? இதைவிட ஒளிரும் பொன் எந்தக் கருவூலத்தில் இருக்கிறது? நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன், நான் இந்தச் சபையின் பிள்ளை.

இனி உள்ளே செல்வோம். வடத்தின் தலைப்பை முனியசாமி பிடிப்பார். நுனியைக் கருத்தம்மாள் பிடிப்பார். அந்த அம்மாள் இல்லை என்று சொன்ன பிறகுதான் இந்தக் கோயிலில் இனி விளக்கெரியும்.

பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வடத்தைப் பிடிக்கப்போகும் உங்கள் கைகளுக்கு என் வணக்கம்.