நடுக்காட்டுப் பச்சை

செத்த பொறுங்கய்யா. நாலாவது முளைக்குச்சிய அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிங்க. காலையிலேருந்து வெயில்ல நிக்கிறீக. மாரிச்சாமி, நீயும் அந்தக் கொட்டாப்புளியக் கீழ வையி. தலையாரின்னா தாகம் எடுக்காதா என்ன?

வேணாமா. சரி, சொம்பு இங்கன இருக்கட்டும்.

இல்லய்யா, வேலையக் கெடுக்க வரல. இந்தக் காட்டுக்காரி நாந்தான், பெத்தம்மா. நேத்து சாவடியில நீங்க பேசுனப்பத் தூணுக்குப் பின்னால நின்னு கேட்டேன். ஊருக்குள்ள ஒரு காட்டுல சதுரமாக் கயித்தக் கட்டி, அதுக்குள்ள நிக்கிற சோளத்த மட்டும் அறுத்து, அடிச்சு, நிறுத்துப் பாப்போம், அத வச்சு ஊரு வெளைச்சலக் கண்டுக்குவோம்னு சொன்னீகல்ல. அந்த நிறுவையப் பாத்துத்தான சர்க்காருல லெவின்னு தானியம் கேக்கப்போறாக. கூட நிறுத்துச்சுன்னா வெதைச்சோளத்தையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவாக. அங்க பாருங்க, வரப்புல ஊரே குத்தவச்சிருக்கு.

எங்காட்டு மேல நம்பரு விழுந்ததுல எனக்கு வருத்தமில்ல. அந்த நம்பர் நெறஞ்ச காயிதத்துல கண்ண மூடிக்கிட்டு வெரல வச்சீக. அது சொன்னபடிக்கு வரப்போரமா நடந்தீக, அப்புறம் உள்ள திரும்பி நடந்தீக. நின்ன எடந்தான் எடம். கண்ணால பாத்துப் பொறுக்குனா மனசு கலந்துரும்னீக. நெசந்தான். அருப்புக்கோட்டைக்குப் பருத்தி கொண்டுபோனா ஏவாரி மேலாப்புல பாக்கவே மாட்டாரு. மேல நல்லதா அடுக்கியிருப்போம்னு அவருக்குத் தெரியும். முழங்கை முட்டக் கைய விட்டு அடியிலேருந்து ஒரு புடி உருவுவாரு. எந்தப் புடி வரும்னு அவருக்கே தெரியாது. நீங்களும் அதத்தான செய்யிறீக. கொறையே சொல்லல நான்.

ஆனா நீங்க நிக்கிற எடத்தப் பாருங்க. காடு முச்சூடும் தட்டை இடுப்புக்கு ஏறல, கதிரு எலிவாலாட்டம் கெடக்கு. உங்களச் சுத்தி மட்டும் ஆள மறைக்கிது. இத நிறுத்தா எங்க ஊருல மழையே தப்பலன்னுல்ல வரும்.

நீ சிரிக்காத மாரிச்சாமி. உம் பிள்ளைகளும் இந்தச் சோளத்தத்தான் திங்கணும்.

என்னய்யா? ஊரு ஊராக் கூட்டி வகுக்கையில கூடுனதும் கொறைஞ்சதும் சரியாயிருமா? அந்தச் சராசரிய நெனச்சாத்தான் எனக்குப் பயமே. இங்க ராஜகுரு ஒருத்தருக்குத்தான் கெணறு. அவரு வீட்டுல மூடைய அடுக்க எடமில்ல. எங்க வீடுகள்ல தானியக் குலுக்கை வெறுசாக் கெடக்கு. ரெண்டையும் கூட்டி வகுத்தா எங்களுக்கும் ஆளுக்கொரு மூடை காயிதத்துல வந்துரும். லெவிக்கு ஆளு வந்து எங்கடி அந்த மூடைன்னா நான் எதக் காட்டுறது?

தெரியும்யா, மேல உள்ளவுக சொன்னதத்தான் நீங்க செய்யிறீக. கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கன்னா மாட்டீக. எனக்குத் தள்ளுனா அடுத்த ஊருக்காரனும் தள்ளச் சொல்லுவான். அப்புறம் அந்த நம்பருக் காயிதம் எதுக்கு.

ஏன் இங்கன மட்டும் பச்சையா? அது வந்து... கிடை போட்டோம்யா. கோடையில எருவுக்கு ஆட்டுக்கிடை.

கிடை போட்டா காடு பூராவுமில்ல பச்சையா இருக்கணும்ங்கிறீக. ஆமா. இருக்கணும். ஆடு கொஞ்சந்தான் அன்னைக்கு.

காலப் பாத்து வைங்க, அங்கன பாம்பு கெடக்கும். கெடக்கலயா? ஏப்பா மாரிச்சாமி, கம்ப வச்சு அப்பிடிக் குத்தாத. சொல்றேன்ல, குத்தாதப்பா.

ஈரமா இருக்கா. ம். ஈரமாத்தான் இருக்கும்.

அய்யா, நேத்து சாவடிச் சுவத்துல ரெண்டு படம் ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு உங்க வெளைச்சல் படம். ஊருக்கொரு குச்சி. நல்லா வெளைஞ்ச ஊருக்கு நெட்டைக் குச்சி, காஞ்ச ஊருக்குக் குட்டைக் குச்சி. எழுத்துத் தெரியாத எனக்கே புரிஞ்சிருச்சு. பக்கத்துல போன வருசத்துக் காலராப் படம். அதுலயும் குச்சிதான். எங்க ஊரு எங்கன்னு கேட்டேன், வெரல வச்சுக் காட்டுனீக. பேரு மட்டும் இருந்துச்சு, மேல குச்சி இல்ல. குச்சி இல்லாட்டி என்ன அர்த்தம்னு கேட்டேன்ல. ஒரு உசுரு கூடப் போகல, குடுத்துவச்ச ஊருன்னு சொன்னீக. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

பேதி கண்ட வீட்டுப் பொணத்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி, சுண்ணாம்பக் கொட்டி எல்லாத்தையும் ஒரே குழியில தள்ளுறாகன்னு அப்பப் பேச்சு. அந்தப் பயத்துல நாங்க வெளிய சொல்லாம ராவோட ராவா இங்கன கொண்டாந்துட்டோம். ஊருக்கெல்லாம் எங்க புள்ள சோலையம்மா அவ அம்மாச்சி வீட்டுல இருக்குன்னே சொல்லி வச்சிருக்கோம். இதுவரைக்கும் மாரிச்சாமிக்கே தெரியாது. அந்த முழியப் பாருங்க.

புரட்டாசியில உழுகையில எங்க வீட்டுக்காரரு இங்கன வந்ததும் மேழியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டாரு. கலப்பக் கொழு மண்ணுல படாம மாட்ட ஓட்டிட்டுப் போனாரு. வெதைய மட்டும் வீசிவிட்டோம். ஒரு எடத்த மொட்டையா விட்டா நாலு பேரு கேப்பாகல்ல.

நான் பொழுது சாய ஒரு கொடம் கொண்டாந்து ஊத்துவேன். ஊருணி வத்துன பெறகு ராஜகுரு கெணத்துல கெஞ்சி வாங்குவேன். சோளத்துக்காக இல்லய்யா. சோலையம்மா தண்ணி தண்ணின்னே கேட்டா. பேதிக்குத் தண்ணி ஆகாதுன்னு வீட்டுல உள்ளவுக ஆளுக்கொரு பக்கம் எங்கையப் புடிச்சுக்கிட்டாக. பேச்சு அப்பத்தான் தெளிவா வர ஆரம்பிச்சிருந்துச்சு அவளுக்கு. நான் அவளுக்குன்னுதான் ஊத்துனேன். சோளம் அது பாட்டுக்குக் குடிச்சு வளந்துருச்சு. இப்பிடிப் பச்சை கட்டி நிக்கும், உங்க நம்பரு வந்து இதுமேலயே விழும்னு நான் என்னத்தக் கண்டேன்.

ஏன்யா உக்காந்துட்டீக? தண்ணி வேணுமா? இந்தாங்க. மெதுவாக் குடிங்க.

நம்பர மாத்தச் சொல்லல. அறுக்கணும்னா அறுங்க, மேல நிக்கிறது சோளந்தான. இது மழையில வந்ததில்ல, ஒருத்தி கொடத்துல ஊத்துனதுன்னு சொல்லிக் கழிக்க உங்க கணக்குல வழி இருந்தா மட்டும் கழிச்சுருங்க. வரப்புல இருக்கவுக வெதைச்சோளமாச்சும் தங்கும்.

மாரிச்சாமி, அந்தக் கயித்து முனைய என் கையில குடு. அந்த மூலைக்கு முளை வேணாம், நீங்க அறுத்து முடிக்கிற மட்டும் நானே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவளுக்குத் தலைமாடு அந்தப் பக்கம்.