அளவுகோல் பிடித்தவன்

தெருவைப் படம் பிடிப்பது சுலபம் சார். சிரிக்கச் சொல்ல வேண்டாம், தாடையைத் தூக்கச் சொல்ல வேண்டாம். வெயில் சரியாக விழும்வரை காத்திருந்தால் போதும். கல்யாணப் படங்களை விட்டுவிட்டு சாலையும் ஓடையும் பாலமும் எடுக்கப் போனதற்கு அதுதான் காரணம். வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்கு இல்லை.

பெயர் ஞானசிகாமணி. சொந்த ஊர் தெற்கே, குழித்துறைப் பக்கம். தம்பானூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து இந்த நகரத்தில் தோண்டியது, மூடியது, கட்டியது எல்லாவற்றையும் நான்தான் சர்க்காருக்காகப் படம் எடுத்து வருகிறேன். வேலை தொடங்குமுன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம். படம் இருந்தால் வேலை நடந்தது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலுக்கு ஒரு ஆள் வேண்டும். வெறும் பள்ளத்தைப் படம் எடுத்தால் அது முழங்கால் ஆழமா, ஆள் ஆழமா என்று தெரியாது. பக்கத்தில் ஒருவன் எண் எழுதிய அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் படங்களிலெல்லாம் நின்றவன் தங்கையன். ரயில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை நான்தான் கூட்டி வந்தேன். என் மனைவி லீலாபாய் அவனுக்குச் சோறு போட்டாள். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவன் அவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன் எனக்கு யாராக இருந்தான் என்று தெரிந்தால்தான், அவன் செய்தது என்ன என்று உங்களுக்கு விளங்கும்.

எங்களுக்குள் பேச்சு கிடையாது. நான் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டுவேன். உள்ளங்கையை அசைத்தால் பின்னால் போ. விரல்களை மடக்கினால் நில். அவன் லென்சையே பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பான். திரும்பிப் பார்க்கக் கூடாது, கழுத்து திரும்பினால் பிளேட்டு பாழ் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். ஓடைக் கரையிலும் பாலத்தின் விளிம்பிலும் அப்படித்தான் நடந்தான். அவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு.

போன வருஷம் காண்டிராக்டர் திரவியம் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் ஸ்ரீவராகத்தில் மழைத்தண்ணீர் போக ஒரு ஓடை கட்டி முடித்திருந்தார். பனைமூட்டுச் சந்தில் இன்னொன்று கட்ட வேண்டியிருந்தது, கட்டவில்லை. கட்டியதாகப் படம் வேண்டும் என்றார். பதிலுக்கு, சர்க்கார் வெளியிடப் போகும் பெரிய ஆல்பத்தில் எல்லாப் படங்களும் என்னுடையவையாக, என் பெயரோடு வரும்படி செய்வதாகச் சொன்னார். நான் யோசித்தேன். கண்ணாடி நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்செடுத்தால் இடது வலதாகும், வலது இடதாகும். ஒரே தெரு இரண்டு தெருவாகிவிடும். எழுத்தும் எண்ணும் மட்டும் படத்தில் இருக்கக் கூடாது. ஸ்ரீவராகத்தில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு இடத்தைப் பார்த்து வைத்தேன். யாரோ ஒரு ஐயங்கார் தன் வீட்டு வாசற்படியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மனிதர் இருந்தால் படம் நிஜமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். தங்கையனிடம் அளவுகோலின் எண் இல்லாத பக்கத்தைக் காட்டச் சொன்னேன்.

"அண்ணே, நம்பர் அந்தப் பக்கம் இருந்தா ஆழம் எங்கன மனசிலாகும்?"

"ஒருத்தனுக்கும் மனசிலாவண்டாம். திருப்பிப் பிடி."

"பின்னே என்னத்துக்கு நான்? ஒரு வாழைத்தண்டை நட்டு வச்சாப் போதுமே."

"வாழைத்தண்டு உன்னைக் காட்டி லட்சணமாத்தான் இருக்கும். இந்தப் படத்துக்கு ரெண்டு தெருப் பேரு உண்டு, வெளியே பறையாதே."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆக விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

இந்த ஆனியில் மழை பிடித்தது. பனைமூட்டுச் சந்தில் தண்ணீர் போக வழியில்லாமல் நின்று, ஒரு மண்சுவர் சரிந்தது. உள்ளே உலகம்மை என்ற பெண்ணும் அவளுடைய கைக்குழந்தையும் படுத்திருந்தார்கள். வருத்தமான காரியம்தான். இங்கே ஓடையே வெட்டவில்லை என்று சந்துக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அதிகாரிகள் அவர்களிடம் என் படத்தைக் காட்டினார்கள். படத்தில் ஓடை இருந்தது. ஓடையைத் தோண்டாமல் விட்டவன் நான் அல்ல சார். என் வேலை படம். படம் நன்றாகத்தான் இருந்தது.

தெற்குத் தாலுக்காக்கள் மெட்ராசோடு சேரப் போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். அதற்கு முன்னால் செய்த வேலைகளையெல்லாம் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு மண்டபத்தில் என் படங்களைத் தொங்கவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல், முதல் நாள் போகவில்லை. எழுந்து போனபோது சந்துப் படம் மட்டும் சுவரில் இல்லை. படத்தைப் புரட்டி அச்செடுத்திருப்பது தெரிந்துவிட்டது, விசாரணை வரப் போகிறது என்று பியூன் ராஜமணி காதில் சொன்னான்.

யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லவில்லை. திரவியம் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ள மாட்டார். மிச்சம் ஒருவன்தான்.

முதலில் நான் நம்பவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விசாரணைக்கு முதலில் கூப்பிட்டது தங்கையனை. அங்கிருந்து நேரே ஸ்டுடியோவுக்கு வருவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தேன். எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மனசில் பாவம் இருக்கிறவன் திருவிருந்து அப்பத்தைத் தொட மாட்டான்; அவன் எழுந்து வரவில்லை. வெளியே வந்து, "என்னடே, என்ன கேட்டாங்க?" என்றேன். தரையைப் பார்த்தான். "பின்னே சொல்லுதேன் அண்ணே" என்றான். லீலாபாய் மீன் குழம்பு வைத்திருப்பதாகச் சொல்லியும் வரவில்லை. என் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு சாட்சி எனக்கு எதற்கு?

அடுத்த விசாரணை எனக்கு. அதில் அவனையும் எதிரே நிறுத்துவார்கள் என்றார்கள். சிறைக்குப் பயந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது இல்லை. அவன் எனக்கு எதிரே நின்று, அந்த வாயால் என்னைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

அதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருந்தது. குன்றின் மேல் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. தூண்கள் மேல் உயரமாக நிற்கும். மேல்தளம் முடிந்திருந்தது, கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. ஆள் அனுப்பினேன். தங்கையன் வந்தான். காமிராப் பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டான். ஏணிக்குக் கீழே நின்று, "அண்ணே, ஒரு காரியம் பறையணும்" என்றான்.

"வெயில் போயிடும். படம் முடியட்டும்" என்றேன்.

"சரி அண்ணே" என்று ஏறினான்.

நல்ல காலை வெளிச்சம். தளத்தின் ஒரு ஓரத்தில் காமிராவை நிறுத்தினேன். எதிரே அவன் அளவுகோலை நட்டமாகப் பிடித்து நின்றான். இந்த முறை எண் உள்ள பக்கத்தைச் சரியாகக் காட்டினான். நான் துணிக்குள் போனேன். பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையை நீட்டி உள்ளங்கையை அசைத்தேன். ஒரு அடி போனான். அசைத்தேன். இன்னொரு அடி. அவன் கண் லென்சிலேயே இருந்தது. விளிம்பு எங்கே என்பது கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. கூர்மை பார்ப்பதில் நான் எப்போதும் கவனமானவன். விரல்களை மடக்க வேண்டிய இடம் வந்தது. நான் மடக்கவில்லை. மறுபடியும் உள்ளங்கையை அசைத்தேன்.

தலைகீழாக நின்றவன் கண்ணாடியில் மேலே போய் மறைந்தான். அளவுகோல் மட்டும் தளத்தில் விழுந்த சத்தம் கேட்டது. நான் காமிராவை மடக்கிப் பெட்டியில் வைத்தேன். ஏணியில் நிதானமாகத்தான் இறங்கினேன். லென்ஸ் உள்ள பெட்டி. கால் தவறிவிட்டான் என்று சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். லீலாபாய் இன்னும் நம்புகிறாள்.

நேற்று என் விசாரணையில், கண்காட்சியில் நடந்ததை நீங்கள் சொன்னீர்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த ஸ்ரீவராகத்து ஐயங்கார் அழகியநம்பியும் அவர் மனைவியும் படம் பார்க்க வந்தார்களாம். அந்த அம்மாள் சந்துப் படத்துக்கு முன்னால் நின்று, "ஏன்னா, இது நீங்கதானே? நம்மாத்து வாசல்னா இது? பூணலை ஏன் வலது தோளுக்கு மாத்திப் போட்டுண்டிருக்கேள்? அப்படிப் போட்டுண்டு யாருக்குத் திவசம் பண்றேள்? உங்கப்பா ஆத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்து காப்பி கேட்டுண்டிருக்காரே!" என்று மண்டபமே திரும்பும்படி கத்தினாளாம். அவர், "நான் எங்கேடி மாத்தினேன், படம் மாத்தியிருக்கு" என்றாராம். பக்கத்தில் நின்ற என்ஜினீயர் அப்போதுதான் படத்தை மறுபடி பார்த்தாராம்.

பூணூல் எந்தத் தோளில் கிடக்கும் என்று நான் கவனித்ததே இல்லை. எங்கள் வீடுகளில் அது கிடையாது. எழுத்து, எண் எல்லாம் பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை. தொழிலில் அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

தங்கையன் விசாரணையில் என்ன சொன்னான் என்பதையும் சொன்னீர்கள். பைபிள் மேல் கை வைத்து, அந்தப் படம் பனைமூட்டுச் சந்தில் எடுத்ததுதான், நான் கூடவே நின்றேன், அண்ணன் பொய்ப் படம் எடுக்கிற ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறான். எத்தனை முறை திருப்பிக் கேட்டும் அதையே சொல்லியிருக்கிறான். அவன் திருவிருந்துக்கு ஏன் எழுந்து வரவில்லை என்று உங்களைவிட எனக்கு நன்றாக விளங்கும்.

இரவெல்லாம் அதையே யோசித்தேன். எனக்கு மனக்கசப்பு குறையவில்லை சார், கூடியிருக்கிறது. எனக்காகப் பொய் சொன்னதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான், நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஏணிக்குக் கீழே அத்தனை நேரம் என் பக்கத்தில் நின்றான். கடைசிவரை என்னிடம் மறைத்துவிட்டான்.