பொட்டு வைத்த லேப்டாப்

“ஏட்டி, வச்ச பொட்ட அழிக்காத!”

கழுகுமலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா மகளின் கையைத் தட்டிவிட்டார். மகள் மடியில் அன்றைக்குக் கோவில்பட்டியில் வாங்கிய லேப்டாப் திறந்திருந்தது. கடையிலிருந்து நேரே கோயிலுக்குப் போய்ப் பூஜை வைத்துவிட்டு வருகிறார்கள் போல. திரைக்கு மேலே நட்டநடுவில் அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகியிருந்தன.

“எம்மா, நீ கேமரா மேலயே வச்சிருக்க. அதுதான் இதுக்குக் கண்ணு.”

“நான் நெத்தின்னுல்லா நெனச்சேன். அதான் தொறந்துட்டுல்லா, பெறகென்ன?”

“தொறந்துட்டு. அதத்தான் சொல்லுதேன். என் மூஞ்சியப் பாத்தாத்தான் தொறக்கும்னு கடை அண்ணாச்சி சொன்னாருல்லா?”

“உன்னத்தானே பாத்துச்சு?”

“கண்ணுதான் மறைஞ்சு கெடக்கேம்மா.”

மகள் லேப்டாப்பை மூடினாள். இந்தத் தடவை முகத்தை ஜன்னல் பக்கம் முழுசாகத் திருப்பி, கரிசல்காட்டைப் பார்த்துக்கொண்டே கையால் மட்டும் திறந்தாள். திரை வெளிச்சமானது. அவள் பெயரைப் போட்டு வரவேற்றது. பின்சீட்டிலிருந்து நானும் பார்த்தேன்.

அம்மா அவசரமாக அதை மூடி, மேலே முந்தானையைப் போட்டார். ரெண்டு ஸ்டாப் தள்ளி மகள் பக்கம் குனிந்தார்.

“ஏட்டி, நாளைக்கு இதையா ஹாஸ்டலுக்குக் கொண்டு போற? அங்கன நீ ரூம்ல ஒத்தையிலல்லா இருக்கணும்?”

மகள் முந்தானைக்குள் கையை விட்டு லேப்டாப்பைத் தடவினாள்.

“ஒத்தையில எங்க இருக்கப் போறேம்மா? இதுதான் என்னையப் பாத்துக்கிட்டே இருக்கே.”