அவளே தேர்ந்தெடுத்த துப்பாக்கி

புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். துப்பாக்கியைக் கண்ணால் வாங்காதீர்கள், கையால் வாங்குங்கள். கண்ணுக்குப் பித்தளைப் பூணும் மரத்தின் மெருகும் பிடித்துப்போகும். எது சரிப்படும் என்று கைக்குத்தான் தெரியும்.

உட்காருங்கள். ஐஸ் டீ இருக்கிறது. அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், அதில் கோராலீயின் சாமான் கிடக்கிறது.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வருகிறவருக்குத் துப்பாக்கியைப் பற்றி நான் பாடம் எடுக்கக் கூடாது. ஆனால் உங்கள் இடுப்பில் இருப்பது வேறு, எங்கள் ஆட்டத்துச் சாமான் வேறு. நாங்கள் அந்தக் காலத்துக் கௌபாய் மாட்டுக்காரர்கள் போல் உடுத்திக்கொண்டு, ஆளுக்கொரு பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு, பஸ்ஸர் அடித்ததும் இரும்புத் தட்டுகளைச் சுட்டு வீழ்த்துகிறவர்கள். கைத்துப்பாக்கி, ரைஃபிள் எல்லாம் புதியவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். மாட்டிக்கொள்வது இரட்டைக்குழல் துப்பாக்கியில்தான். அதைத் திறந்து, காலியாக மேஜையில் வைத்திருக்க வேண்டும். ஓடிவந்து எடுத்து, பெல்ட்டிலிருந்து இரண்டு தோட்டா உருவிப் போட்டு, மூடி, சுட்டு, திறந்து, வெற்று ஓட்டை உதறிவிட்டு மறுபடி இரண்டு. ஆகவே குறி பார்ப்பது அங்கே பெரிய விஷயமில்லை. எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்பதுதான் விஷயம். புதுத் துப்பாக்கி புதுச் செருப்பு மாதிரி, கடிக்கும்.

கோராலீ என் தங்கை. அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான்தான் வளர்த்தேன். தினமும் காலையில் இந்த மேஜையருகே அவளை உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவேன். அவளுக்கு நாற்பது தாண்டியும் அது நிற்கவில்லை. இடுப்பு வரை முடி. வேடிக்கை என்னவென்றால் அவள் தொழிலே முடிவெட்டுதான். ஊரில் பாதிப் பேர் தலை அவள் கையில். அவள் தலை என் கையில்.

வருஷக்கணக்கில் அவள் எங்கள் துப்பாக்கிக் கிளப்புக்கு என்னோடு வந்து பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கொண்டுதான் இருந்தாள். போன குளிர்காலத்தில் டெல்பர்ட் வந்து சேர்ந்தார். நியூ மெக்சிகோ பக்கம், குதிரைக்கு லாடம் அடிக்கிறவர். நல்ல மனிதர்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வந்த இரண்டாவது மாதம், தனக்கும் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள் கோராலீ.

எங்கள் கிளப்பில் பெயர் பதிகிற மனிதரை நொண்டிக் கழுகு என்போம். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உனக்கு என்ன பேரும்மா போடட்டும்?"

"ஓடிப்போன ரோசா."

"அடிப்பாவி. யார்கூட ஓடிப்போனே?"

"இன்னும் ஓடல. லாடம் அடிச்சிக்கிட்டிருக்காங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

அன்று வீடு திரும்பும்போது வண்டியில் சொன்னாள். "அக்கா, செப்டம்பர்ல நான் அவர் ஊருக்குப் போயிடப் போறேன். அங்க ஒரு கடை பாத்து வச்சிருக்கார், ரெண்டு நாற்காலி போடலாம். நீ ஒண்ணும் சொல்ல மாட்டியே?"

முதலில் உனக்கு ஒரு நல்ல இரட்டைக்குழல் பார்ப்போம் என்றேன்.

இந்த மேஜைமேல்தான் மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் எதையும் அவள் கையில் திணிக்கவில்லை.

முதலாவது புத்தம் புதிய இரட்டைக்குழல். அவள் நெம்பிப் பார்த்தாள், முழங்காலில் வைத்து அழுத்தினாள்.

"இதைத் தொறக்க ஒரு ஆள் வைக்கணும் போலிருக்கே."

"பழகினா இளகும்," என்றேன். அது உண்மை.

இரண்டாவது ஒற்றைக்குழல். முன்கட்டையை இழுத்து இழுத்துத் தள்ள வேண்டும்.

"என்னக்கா இது, தண்ணி பம்பு அடிக்கிற மாதிரி. நாள் பூரா கத்தரி பிடிச்ச மணிக்கட்டு இது. விட்டுடு."

மூன்றாவது பழையது. கட்டைவிரலால் திறக்கும் நெம்புகோலை லேசாகத் தள்ளினாள். கைப்பை வாய் திறப்பதுபோலத் தன் கனத்திலேயே மடிந்து திறந்தது. மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"வெண்ணெய்க்கா இது."

"பழசு. புதுசு ரெண்டும் உறுதி. யோசிச்சுக்கோ."

"நீ எப்பவும் கஷ்டமானதைத்தான் எனக்கு எடுத்துக் குடுப்பே. இதுதான் எனக்கு."

இப்படித்தான் நடந்தது. தேர்ந்தெடுத்தது அவள்.

மறுநாள் டெல்பர்ட் வந்து குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "உள்ள கண்ணாடியாட்டம் இருக்கு. எனக்குக் குளம்புதான் தெரியும், குழாய் தெரியாது. நீங்க பாத்துட்டீங்கள்ல, மிஸ் வெர்னா?"

"பாத்துட்டேன்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் குழல்களுக்குக் கறுப்பு மெருகு ஏற்றுவதுதான் என் வேலையாக இருந்தது, ரிட்டயர் ஆகும்வரை. கிளப்பில் துருப்பிடித்த துப்பாக்கி இருந்தால் என்னிடம்தான் வரும். என் கையிலிருந்து போன குழலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. என் பொய்ப்பெயரே துரு ரூத்.

இனி நீங்கள் கேட்க வந்த விஷயம்.

அந்தக் காலத்துக் குழல்கள் சிலவற்றை ஒரே எஃகு உருளையைத் துளைத்துச் செய்ய மாட்டார்கள். இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டைச் சுற்றிச் சுற்றி அடித்துச் சேர்ப்பார்கள். கிட்டத்தட்டத் தலை பின்னுவதுதான். குழல்மேல் அந்தப் பின்னல் ரிப்பன் ரிப்பனாகத் தெரியும். மிக அழகாக இருக்கும். ஆனால் அது அந்தக் காலத்துப் புகைமருந்துக்குச் செய்தது, வெள்ளைப் புகை கக்கி மெதுவாக எரிகிற வெடிமருந்துக்கு. இப்போது கடையில் விற்கும் புகையில்லாத, வேகம் கூடிய தோட்டாவை அது தாங்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கிளப்பில் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம்: பின்னல் தெரிந்தால் சுவரில் மாட்டு, தோளில் வைக்காதே. எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

கோராலீ எடுத்த அந்தப் பழைய துப்பாக்கியின் பின்னலை, மேஜையில் வைக்கும் முன்பே நான் கறுப்பு ஏற்றி மூடியிருந்தேன். என் கொட்டகையில், என் தொட்டியில். சுத்தமான வேலை. அழகுக்காகச் செய்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். சொல்லவில்லை பாருங்கள்.

கோடை முழுக்க அவளைப் பழக்கினேன். புகைமருந்தை நானே அடைத்த தோட்டாக்கள், மெதுவானவை. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெள்ளைப் புகை கிளம்பும். "என்னக்கா, தெரு பூரா டோஸ்ட் கருகின மாதிரி" என்று இருமிக்கொண்டே சிரிப்பாள். இடது கையைக் குழலுக்கு அடியில் எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான். நன்றாகக் கற்றுக்கொண்டாள். வீட்டில் இவ்வளவு நாள் நாங்கள் பேசாததையெல்லாம் அந்த மாதங்களில் பேசினோம். சந்தோஷமாக இருந்தோம் என்றே சொல்வேன்.

ஆகஸ்ட் பந்தயத்துக்கு அவள் பெல்ட்டை நான் நிரப்பினேன், கடைத் தோட்டாக்களால். அவ்வளவுதான் நான் செய்தது. முதல் சுற்றிலேயே வெடிக்கலாம், அடுத்த வருஷம் வெடிக்கலாம், வெடிக்காமலே போகலாம். அதை இரும்பிடம் விட்டுவிட்டேன். அதனால்தான் இதைத் திட்டம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை.

மூன்று சுற்று நன்றாகவே போயிற்று. புகையே இல்லையே என்று கேட்டாள். காற்று அடிக்கிறது என்றேன். நான்காவதில் சத்தம் கொஞ்சம் மாறி வந்தது, தகரத்தைக் கிழிப்பதுபோல. குழல் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. அவள் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆம்புலன்ஸ்காரர் பேர் என்ன என்று கேட்டார். நொண்டிக் கழுகு அழுதுகொண்டே, "ரோசா, ஓடிப்போன ரோசா" என்றார். அந்தப் பதற்றத்தில் அவருக்கு வேறு பெயர் நினைவுக்கு வரவில்லை. டெல்பர்ட் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடந்தார். முழுப்பெயர், பிறந்த தேதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் நான்தான் நிதானமாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது யார் என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவெட்டுகிறவருக்குக் கத்தரி வலது கையில், சீப்பு இடது கையில். சீப்புப் பிடிக்க விரல் இல்லாவிட்டால் கத்தரியால் என்ன செய்வது? ரெண்டு நாற்காலிக் கடைப் பேச்சு அதோடு நின்றது. செப்டம்பர் வந்தது, போனது. டெல்பர்ட் வரும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவர் வந்தாரா என்று அவள் கேட்டபோது, ஆண்கள் அப்படித்தான் என்றேன். அவள் போன் என் ஏப்ரன் பையில் இருந்தது, ஓய்வு வேண்டுமல்லவா. வெயில் ஆகாது என்று திரையை மூடிவைத்தேன். பின்வாசலைப் பூட்டிவைத்தேன், மாத்திரை மயக்கத்தில் எங்காவது விழுந்துவிடக் கூடாது என்று. காலையில் தலை பின்னினேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வீடு முன்புபோல் ஆகிவிட்டது.

பயமுறுத்த மட்டும்தான் நினைத்தேன் என்று நேற்று போனில் உங்களிடம் சொன்னேன். அது முழுசாகச் சரியில்லை. நீங்கள் அந்த உடைகளைப் பற்றி இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நீல கவுனைத் தலைவழியாக மாட்டிவிட்டேன். அவள் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இது எப்ப வாங்கினே?"

"நீ ஆஸ்பத்திரியில இருக்கறப்போ."

"இல்ல. ஜூலையில மழைக்கோட்டு தேடறப்போ உன் அலமாரியில பாத்தேன். இதே மாதிரி நாலு. பட்டன் இல்லாம, ஜிப் இல்லாம, எல்லாம் என் அளவுல. அப்பவே நினைச்சேன், பட்டன் போட முடியாதவங்க யாரு நம்ம வீட்ல இருக்காங்கன்னு."

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். முன்யோசனை உள்ளவர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிவைப்பார்கள். அதை எப்படி அவளுக்கு விளக்குவது?

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

அதற்கப்புறம்தான் என் ஏப்ரனிலிருந்து போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆமாம், கைதான். எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தடித்த கண்ணாடி வாங்கிப் போடவைத்தேன், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது இடது கை ஒன்றுதான். ஒரு கை இல்லாதவள் எங்கே போவாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் இங்கே நன்றாக இருக்கிறாள்.

ஜன்னல் பக்கம் ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள்? டெல்பர்ட்டின் லாட வண்டி நிற்கிறது, தெரிகிறது. பக்கத்தில் யாரோ ஒரு பெண். முடியைக் காதோடு வெட்டியிருக்கிறாள். ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாக, ஒற்றைக் கையால் வெட்டின மாதிரி. அது கோராலீ இல்லை. கோராலீக்கு இடுப்பு வரை முடி. அவள் உள்ளே தன் அறையில் தூங்குகிறாள்.

வருகிறேன், விலங்கு எதற்கு, நானே வருகிறேன். அந்த நாற்காலியில் கிடக்கிற தலைப்பின்னலை மட்டும் யாரும் தொட வேண்டாம். ரிப்பன் கலையாமல் அப்படியே இருக்கட்டும். காலையில் எழுந்ததும் அவள் என்னைத்தான் கூப்பிடுவாள்.